உக்கிராண அறையின் சாவி

(டொராண்டோ, ஸ்காபரோ. நன்றியறிதல் விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை மாலை, தமிழ் ஆலய மண்டபம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நான் திருநெல்வேலிச் சீமைக்காரன். டொராண்டோ என்றுதான் என் வாயில் வரும். உங்களில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர்; ரொறன்ரோ என்பீர்கள். வாடகை நம் இருவருக்கும் ஒன்றுதான்.

இன்றைய தலைப்பு 'நல்ல உக்கிராணக்காரன்' என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறார்கள். இங்கே பிறந்த என் பேத்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, இது யார்?" என்று கேட்டாள். ஸ்டூவர்ட் என்றேன். "பிளேனில் சாப்பாடு கொடுப்பாரே, அவரா?" என்றாள். சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் பிள்ளை சொன்னதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. அந்தச் சாப்பாடு அவர் வீட்டில் சமைத்ததில்லை. யாருக்குப் பிடிக்கிறது, யாருக்குப் பிடிக்கவில்லை என்று பார்த்து அவர் பரிமாற முடியாது. இறங்குவதற்கு முன் தட்டு எண்ணி ஒப்படைக்க வேண்டும். பைபிள் சொல்கிற ஆளும் ஏறக்குறைய இப்படித்தான்.

நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் இந்தச் சொல் லூக்காவில் வருகிறது, பவுலின் நிருபங்களில் வருகிறது, பேதுருவில் வருகிறது. கத்தோலிக்கச் சகோதரர்களின் மொழிபெயர்ப்பில் வீட்டுப் பொறுப்பாளர் என்று இருக்கும். பொருள் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு உக்கிராணம் என்ற சொல்லை விட மனம் வரவில்லை. உக்கிராணம் என்றால் பண்டசாலை, சாமான் அறை. கல்யாண வீட்டிலும் கோயிலிலும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் பூட்டி வைக்கிற அறை. அந்த அறையின் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவர்தான் உக்கிராணக்காரர்.

அப்படி ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் பெரியப்பா. எங்கள் ஊர்க் கோயிலில் வருடத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு அசனம் என்றால் விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஊரே சேர்ந்து பொங்கி, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. அரிசி ஒரு வீட்டிலிருந்து வரும், ஆடு இன்னொரு வீட்டிலிருந்து வரும், விறகு மூன்றாவது வீட்டிலிருந்து வரும். எல்லாம் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறையில் போய்ச் சேரும். பெரியப்பா அதன் வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சுவரில் கரித்துண்டால் கோடு. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். சமையல்காரர் இன்னும் ஒரு படி எண்ணெய் கேட்டு அங்கிருந்தே கத்துவார். இவர் சுவரைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

எனக்கு எட்டு வயது இருக்கும். அறைக்குள் கருப்பட்டிச் சிப்பம் பிரித்து வைத்திருந்தது. வாசனை இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு துண்டு கேட்டேன். "இது ஊர்ச் சொத்துலே, போ" என்றார். நான் அழுதேன். அம்மா வந்து, "பிள்ளைக்கு ஒரு சின்னத் துண்டு கொடுத்தால் குறைந்தா போகும், அத்தான்?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. தம்பி மகனைக் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், தன் காசில் கருப்பட்டி வாங்கிக் கொடுத்தார். போகும்முன் அறையைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அன்று ராத்திரி கடைசிப் பந்தியில், சோறு ஆறிப்போன பிறகுதான் அவர் சாப்பிட்டார். மறுநாள் மீந்த அரிசி, காலிச் சாக்கு, விறகு என்று ஒரு தாளில் எழுதிச் சேகர குருவானவர் கையில் சாவியோடு கொடுத்தார். அந்தத் தாளை யாரும் கேட்டிருக்கவில்லை.

இன்றைக்கு நான் பேசப்போவது அந்தத் தாளைப் பற்றி.

உக்கிராணத்துவம் என்ற சொல் காதில் விழுந்தாலே நம் கை சட்டைப்பைக்குப் போகிறது. தசமபாகம், காணிக்கை, கட்டட நிதி. நல்லதுதான். ஆனால் வேதத்தில் அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று போய்ப் பாருங்கள். தாராளமாகக் கொடுத்தாயா என்ற கேள்வியைவிடக் கணக்கைக் கொண்டுவா என்ற கேள்விதான் அதனோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. காரணம் சாதாரணமானது. தன்னுடையதைக் கொடுக்கிறவன் கொடையாளி. உக்கிராணக்காரனிடம் தன்னுடையது என்று ஒன்றும் இல்லை. கிரேக்கத்தில் அவனுக்கு ஓய்க்கோநோமோஸ் என்று பெயர். வீட்டை நிர்வகிப்பவன் என்று அர்த்தம். பொருளாதாரத்துக்கு ஐரோப்பிய மொழிகள் பல வைத்திருக்கிற பெயர்கள் அந்தச் சொல்லின் பிள்ளைகள்தான். அந்தக் காலத்தில் அந்த வேலையைப் பார்த்தவர்களில் பலர் அடிமைகள். வீட்டுச் சாவி முழுவதும் கையில் இருக்கும், தன் உடம்புகூடத் தனக்குச் சொந்தமில்லை. போத்திபாரின் வீட்டில் யோசேப்பு இருந்த நிலை அதுதான்.

லூக்கா பதினாறாம் அதிகாரத்துக்கு வருவோம். அநீதியுள்ள உக்கிராணக்காரன். பிரசங்கிமார் பலர் இந்தப் பகுதி முறை வரும்போது வேறு ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள். கதை உங்களுக்குத் தெரியும். ஐசுவரியவானின் சொத்தை அவன் உக்கிராணக்காரன் வீணாக்குகிறான் என்று புகார். எஜமான் கணக்கு ஒப்புவிக்கச் சொல்கிறான், வேலையும் போகப்போகிறது. இவன் உடனே கடன்காரர்களைக் கூப்பிட்டு, எண்ணெய்ப் பாக்கி நூறை ஐம்பது என்று எழுதச் சொல்கிறான், கோதுமைப் பாக்கி நூறை எண்பது என்று மாற்றச் சொல்கிறான். எஜமான் அவனைப் புத்தியுள்ளவன் என்று மெச்சிக்கொள்கிறான். இதை எப்படிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது?

தள்ளுபடி செய்தது அவனுடைய தரகுத் தொகை என்று ஒரு விளக்கம். சட்டம் தடைசெய்த வட்டியைக் கழித்தான் என்று இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டிலும் முழுத் திருப்தி இல்லை. என்னைப் பிடித்து நிறுத்துவது கதையின் தொடக்கம். புகார் திருட்டு இல்லை, வீணடிப்பு. சிதறடித்தல் என்று பொருள்படும் அந்தக் கிரேக்கச் சொல், ஒரு பக்கத்துக்கு முன்னால் இன்னொருவனைப் பற்றியும் வருகிறது. தூர தேசத்துக்குப் போய்ச் சொத்தை அழித்த இளைய குமாரன். மகனும் வேலையாளும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். மகனுக்குக் கொழுத்த கன்று அடிக்கப்பட்டது. வேலையாளிடம் கணக்குக் கேட்கப்பட்டது. லூக்கா இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கடவுள் முன்னால் நாம் எந்த நேரத்தில் மகன், எந்த நேரத்தில் வேலையாள்? மன்னிப்புக் கேட்கும்போது மகனாக நில்லுங்கள். சபைப் பணத்தைக் கையில் வைத்திருக்கும்போது வேலையாளாக நில்லுங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

தாலந்து உவமையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, சுருக்கமாக முடிக்கிறேன். தமிழில் தாலந்து என்ற சொல் இப்போது பாட்டுத் திறமை, பேச்சுத் திறமை என்றாகி, தாலந்துப் போட்டி வரைக்கும் வந்துவிட்டது. அது ஒரு எடை. அந்த எடை வெள்ளியின் மதிப்பு ஏறக்குறைய ஆறாயிரம் நாள் கூலி. இன்றைய ஒன்டாரியோவின் குறைந்தபட்சக் கூலியில் எட்டு மணி நேர வேலைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. ஒரு தாலந்து வாங்கினவனை நாம் ஏழை வேலைக்காரனாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவன் கையில் இருந்த காசுக்கு ஸ்காபரோவில் ஒரு வீடு பார்த்திருக்கலாம்.

எஜமான் கொடுத்த அந்த ஒரு தாலந்தை மண்ணில் புதைத்துவைத்தவன்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்தில் இருக்கிற சிலர் போரில் இடம்பெயரும்போது நகைநட்டைத் தென்னையடியில் புதைத்துவிட்டு வந்தவர்கள். திரும்பிப் போய்த் தோண்டியவர்களும் உண்டு, தோண்ட முடியாமல் போனவர்களும் உண்டு. புதைப்பது சோம்பேறியின் வேலை என்று உங்களிடம் வந்து நான் பிரசங்கம் செய்ய மாட்டேன். உவமையில் வருகிறவன் ஷெல்லுக்குப் பயந்து புதைக்கவில்லை. எஜமான் கடுமையானவன், கணக்குக் கேட்பான் என்று பயந்து புதைத்தான். கணக்குக்குப் பயப்படுகிறவன் பணத்தைத் தொடவே மாட்டான், அல்லது தொட்டதைக் காட்டவே மாட்டான். நம் சங்கங்களில் இரண்டு வகையும் உண்டு.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரம் யூபிலி வருடத்தைப் பற்றிச் சொல்கிறது. நிலத்தை நிரந்தரமாக விற்கக் கூடாது, ஏனென்றால் நிலம் கடவுளுடையது, நீங்கள் அவரிடத்தில் குடியிருக்க வந்த பரதேசிகள் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். ஊரில் பரதேசி என்றால் திட்டு. இங்கே வந்து குடியுரிமை விழாவில் வரிசையில் நின்றபோதுதான் எனக்கு அது திட்டாகத் தெரியவில்லை. இந்த நகரம் நிற்கிற நிலத்தின் கதையையும் பாருங்கள். 1787இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் மிஸ்ஸிஸாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து டொராண்டோவை வாங்கியதாகச் சொன்னார்கள். பிறகு பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அதில் நில விவரமே எழுதப்படாமல் வெற்றிடமாக இருந்தது. 1805இல் பத்து ஷில்லிங் கொடுத்து, இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் எழுதி உறுதிப்படுத்திக்கொண்டார்கள். அந்தக் கணக்கு 2010இல் தீர்ந்தது; கனடா அரசு 145 மில்லியன் டாலர் கொடுத்தது. இப்போது நாம் உட்கார்ந்திருக்கிற ஸ்காபரோ, வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் என்ற வேறொரு கணக்கில் வருகிறது. அது 1923இல் எழுதியது, 2018இல் தீர்த்தது. இருநூறு வருடம் கழித்தும் கணக்கு வந்து கதவைத் தட்டுகிறது. நம் கூட்டங்களின் தொடக்கத்தில் நில அங்கீகாரம் என்று ஒரு தாளை வேகமாக வாசித்துவிட்டுத் தமிழ்த்தாய் வாழ்த்துக்குப் போய்விடுகிறோம். அடுத்த முறை கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்.

இனி உண்டியலுக்கு வருகிறேன். இந்தச் சொல்லைக் கேட்டதும் நெல்லைக்காரனுக்குக் கோயில் நினைவு வரும். இங்கே பலருக்கு ஊருக்குக் காசு அனுப்பின வேறு உண்டியல் நினைவு வரும். சிரிக்கிறீர்கள், புரிகிறது. நான் கோயில் உண்டியலைச் சொல்கிறேன்.

வேதத்தில் மூடியில் துளை போட்ட காணிக்கைப் பெட்டி எங்கே வருகிறது தெரியுமா? இரண்டாம் ராஜாக்கள் பன்னிரண்டாம் அதிகாரம். யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்லி, அதற்கு வருகிற பணத்தை ஆசாரியர்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒப்படைத்திருந்தான். அவன் ஆட்சியின் இருபத்துமூன்றாம் வருடம் வந்துவிட்டது, ஒரு விரிசல்கூட அடைபடவில்லை. பணம் என்னவாயிற்று? வேதம் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. நமக்கும் இது பழக்கமான நிலைமைதான். யாரும் திருடவில்லை, வேலையும் நடக்கவில்லை. அப்போது பிரதான ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துளை போட்டு, பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணி, பையில் கட்டி, வேலை வாங்குகிறவர்கள் வழியாகத் தச்சருக்கும் கொத்தருக்கும் கொடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது பெட்டியை அல்ல, எண்ணின கைகளை. இரண்டு பேர். ஒருவர் அரண்மனை ஆள், ஒருவர் ஆலய ஆள். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள் இல்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கப் போனபிறகு, பின்னறையில் இரண்டு பேர் உட்கார்ந்து காணிக்கையை எண்ணி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்களே, அந்தப் பழக்கம் கனடா அரசாங்கத்துக்குப் பயந்து வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். யோவாஸ் காலத்திலேயே அது உண்டு. அப்படியானால் கணவனும் மனைவியும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுவது எத்தனை பேர் எண்ணினதாகும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதே அதிகாரத்தில் ஒரு விஷயம் எனக்கு எதிராகவும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். வேலை வாங்கினவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாக நடந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. போன வருடம் ஒரு பெரியவர் இந்த வசனத்தைக் காட்டித்தான் என்னை மடக்கினார். உண்மைதான். ஆனால் அவர்கள் கையில் போனது ஏற்கெனவே இரண்டு பேர் எண்ணிக் கட்டின பை. எண்ணாத பையைக் கொடுத்துவிட்டு நம்பிக்கை என்று சொல்லவில்லை.

பவுலைப் பாருங்கள். நாம் அவரை விசுவாசத்தைப் பற்றி எழுதினவராகத்தான் பார்க்கிறோம். அவர் பல வருடம் பணம் திரட்டித் திரிந்தவர். எருசலேமில் வறுமைப்பட்ட விசுவாசிகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சேர்த்தார். எங்கோ வெளிநாட்டில் இருப்பவர்கள், தாங்கள் பார்த்தே இராத ஊரில் கஷ்டப்படுகிறவர்களுக்குச் சேர்த்து அனுப்பிய காசு. டொராண்டோத் தமிழருக்கு இதைவிட நெருக்கமான பகுதி புதிய ஏற்பாட்டில் இல்லை என்பது என் எண்ணம். கொரிந்து சபையார் ஒரு வருடத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. மேடையில் தொகையைச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டுப் பிறகு தொலைபேசியை எடுக்காதவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள்.

அந்தப் பணத்தை எருசலேமுக்கு எப்படிக் கொண்டுபோனார்? தனியாகப் போகவில்லை. நீங்கள் தெரிந்தெடுக்கிற ஆட்களிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்று எழுதினார். தீத்துவோடு சபைகள் தேர்ந்தெடுத்த ஒரு சகோதரனையும் சேர்த்து அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது ஒருவரும் நம்மைக் குறைசொல்ல இடம் வைக்கக் கூடாது, கர்த்தருக்கு முன்னால் மட்டும் சரியாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்னாலும் சரியாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அப்போஸ்தலர் இருபதாம் அதிகாரத்தில் வேறுவேறு ஊர்களைச் சேர்ந்த ஏழு பேர் அவரோடு பயணப்பட்டதாகப் பெயர்ப்பட்டியலே இருக்கிறது. அந்தப் பணத்துக்காகப் போனவர்கள்தான் அவர்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பவுலையே நம்பாத சனமா என்று யாரும் கோபித்துக்கொண்டதாக எழுதவில்லை. 'எனக்கும் கடவுளுக்கும் தெரியும்' என்று சொல்லக்கூடிய தகுதி ஒரு மனிதனுக்கு இருந்தது என்றால் அது பவுலுக்குத்தான். அவர் அதைச் சொல்லவில்லை. எத்தனை பொருளாளர் வாயிலிருந்து நான் அதைக் கேட்டிருக்கிறேன்!

யோசேப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பேச்சு ஒருபக்கமாகிவிடும். ஏழு வருடம் விளைந்தபோது ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்து, பஞ்சத்தில் எகிப்தைக் காப்பாற்றினான். அவன்தான் மாதிரி உக்கிராணக்காரன் என்று ஞாயிறுப் பள்ளியில் படித்தோம். ஆதியாகமம் நாற்பத்தேழைத் தொடர்ந்து வாசியுங்கள். சனங்களிடம் பணம் தீர்ந்தது, ஆடு மாட்டைக் கொடுத்தார்கள். அது தீர்ந்தது, நிலத்தைக் கொடுத்தார்கள், கடைசியில் தங்களையே பார்வோனுக்கு அடிமைகளாக விற்றார்கள். களஞ்சியத்தில் இருந்தது அவர்களே விளைவித்த தானியம். பார்வோனிடம் படி வாங்கின பூசாரிகளின் நிலத்தை மட்டும் யோசேப்பு தொடவில்லை. எஜமானுக்கு உண்மையாக இருந்தான், சந்தேகமில்லை. பசித்தவனுக்கு? அடுத்த புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் யோசேப்பின் சொந்தச் சந்ததி அதே எகிப்தில் வேறொரு பார்வோனுக்குச் செங்கல் அறுக்கிறது.

இந்த நகரத்தின் களஞ்சியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 'அன்றாட அப்பம்' என்று பொருள்படும் டெய்லி பிரெட் உணவு வங்கி 1983இல் தொடங்கியது. நம்மவர்களில் பலர் இலங்கையில் நடந்த கலவரத்தால் ஊரைவிட்டுக் கிளம்பின வருடம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை டொராண்டோவின் உணவு வங்கிகளுக்கு ஆட்கள் வந்துபோனது 34 லட்சத்து 90 ஆயிரம் தடவை. பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் அதை நம்பியிருக்கிறார்கள். அங்கே யாரும் நிலத்தை எழுதி வாங்குவதில்லை. சாமான் அடுக்குகிற வேலைக்கு ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாளை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை நாற்பது டாலருக்குக் கேட்கப்போகிற தம்பிமாருக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

இப்போது உங்களுக்குப் பெருமை தருகிற ஒரு கதை. வெள்ளாளன்விளை என்பது எங்கள் பக்கத்துச் சின்ன ஊர். அங்கே ஒரு குருவானவரின் மகனாக 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வேலை பார்த்த இளைஞர். 1902இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே மாணவர்களும் சபையாரும் தங்கள் சொந்தக் காசைச் சேர்த்துக் கடலுக்கு அப்பால் இந்தியாவிலிருந்த ஊழியருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியிலோ சபைகள் பெரியவை, நூறு வருடப் பழமை, ஆனால் இன்னும் வெள்ளைக்காரர் பணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அசரியாவுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். மறு வருடம், 1903 பிப்ரவரி 12ஆம் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் விதி. 1909இல் அவரே ஊழியராகத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்குப் போனார். 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். காணிக்கையைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பனையேறிகள் வீட்டிலிருந்தும் சின்னச் சம்சாரிகள் வீட்டிலிருந்தும் வந்தது. பிடியரிசி. உலையில் போட அரிசி அளந்த பிறகு, அதிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து வேறு கலயத்தில் போடுவது. யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளிலும் இந்த வழக்கம் இருந்தது என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். என் ஆச்சி செய்வதை அடுப்படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எடுக்கும்போது கை சுருங்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். தோர்ணக்கலில் அசரியாவின் சபைகளில் பெரும்பாலோர் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். அவர்களிடமும் அரிசியும் கோழியுமாகக் காணிக்கை வாங்கினார். இல்லாதவனிடம் கேட்பது நியாயமா என்று இன்றைக்கு நமக்குக் கேள்வி வரும், வர வேண்டும். பிறர் பணத்தில் நிற்கிற சபை தன் காலில் நிற்காது என்பது அவர் பதில். கொடுத்தவனுக்குத்தான் கணக்குக் கேட்கிற வாய் வரும் என்று நான் அதற்கு ஒன்று கூட்டிக்கொள்கிறேன். லண்டனிலிருந்து பணம் வந்தவரைக்கும் கணக்கும் லண்டனுக்குத்தான் போயிற்று. ஆச்சியின் பிடியரிசி வந்த பிறகு ஆச்சிக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

நாம் கொடுப்பதில் குறைந்தவர்கள் இல்லை. டொராண்டோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு மூன்று மில்லியன் டாலர் சேர்த்தோம். முதல் அப்படியே இருக்கும், வருமானம் மட்டும் செலவாகும். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் உக்கிராணம் நிறைந்திருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்த காரியம். குறை எங்கே என்றால், கணக்குக் கேட்பதை நாம் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறோம். சில வருடங்களுக்கு முன்னால், ஊரிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக் கட்டடத்துக்கு இங்கே ஒரு சங்கத்தார் பணம் சேர்த்தார்கள். நானும் கொடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து இராப்போசன விருந்தில் ஒரு இளைஞர் எழுந்து, "கட்டி முடிஞ்சுதா அண்ணை?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவருக்கு அந்தச் சங்கத்திலிருந்து அழைப்பு வரவில்லை. அங்கே அன்று நானும் இருந்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டு புரியாணி தின்றேன். அந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கு நான் இங்கே நின்று பேசுவதில் பாதி அந்தத் தட்டுக்காக.

இந்த நாட்டில் பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனம் எதுவாக இருந்தாலும் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் டி3010 என்ற படிவத்தை வருமான வரித் துறைக்குக் கொடுக்க வேண்டும். அது ரகசியம் இல்லை. துறையின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். உங்கள் சபையின் பெயரை ஒருமுறையாவது போட்டுப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஒன்று... மூன்று. பொருளாளர் கையையும் சேர்த்துத்தான் மூன்று. அதை நீக்கிவிடலாம்.

என் பெரியப்பா கொடுத்த தாளை யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் கேட்காமல் இருந்த ஊர் செய்ததும் சரியென்று ஆகிவிடாது. அவருக்குப் பிறகு அந்தச் சாவி வேறொருவர் கைக்குப் போனது. தாள் வருவது நின்றது. அப்போதும் ஊர் கேட்கவில்லை.

கடந்த வருடத்து அறுப்பின் பண்டிகையில் இந்தச் சபைக்கு வந்த தொகையும், அது போன வழியும் இரண்டு பக்கத்தில் அச்சிட்டு, சாப்பாட்டு வரிசை தொடங்குகிற மேசையில் வைத்திருக்கிறது. நூறு பிரதி எடுத்தோம். நான் மேடைக்கு வரும்போது எண்ணிப் பார்த்தேன், தொண்ணூற்றாறு இருந்தது. கை கழுவுவதற்கு முன்னால் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். புரியாத இடம் இருந்தால் பொருளாளர் அங்கேதான் நிற்பார், சத்தமாகவே கேளுங்கள்.